வான்வழிச் சீர்திருத்தமும் கட்டுப்பாட்டாளர் சங்கமும்

வானம் எல்லையற்றது என்பது பொதுவழக்கு. ஆயின், விமானங்கள் செல்லும் வானம் எல்லைகளால் வகுக்கப்பட்டதொன்றாகும். நிலப்பரப்பை மாகாணங்களாகவும் மாவட்டங்களாகவும் பிரித்தாற்போல, வான்பரப்பும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர் பொறுப்பாளியாவார். அவர் றேடார்த் திரையின் முன் அமர்ந்து, தம் பகுதியுட் புகும் ஒவ்வொரு விமானத்தையும் ஏற்று, ஏனையவற்றோடு மோதாவண்ணம் நெறிப்படுத்தி, அடுத்த பகுதியின் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கின்றார். நெடுவழியிற் பறக்கும் இரு விமானங்களிடையே கிடையாக 5 கடல்மைலோ, நிலைக்குத்தாக 1,000 அடியோ இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பொதுவிதி. மணிக்கு 500 கடல்மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்கள் அந்த 5 கடல்மைலை 18 செக்கனிற் கடந்துவிடும். கட்டுப்பாட்டாளர் சிந்திப்பதற்கும் பேசுவதற்கும் உள்ள காலம் எத்துணைச் சிறிது என்பது இதனாற் புலனாகும்.

இத்தகைய தொழிலின் கருவிகளை மாற்ற முற்படும்போது, அக்கருவிகளைக் கையாளுவோரின் சொல்லுக்கு எவ்வளவு இடம் அளித்தல் தகும்? அவர்தம் தொழிற்சங்கம் ஊதியத்தையும் வேலைநேரத்தையும் பற்றி மட்டும் பேசுதல் வேண்டுமா? அன்றி, புதிய பொறியின் அமைப்பைப் பற்றியும் பேசலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாறு பெரிதும் துணைபுரியும். அங்கே இவ்விடயம் ஒருமுறையன்று, பலமுறை சோதிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சோதனைக்கும் பெரும்பொருள் செலவாயிற்று.

தாட்கீற்றின் பெருமை

வரலாற்றுட் புகுமுன் ஒரு சிறு பொருளைப் பற்றி அறிதல் நன்று. ஏறத்தாழ எட்டு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உடைய தாட்கீற்று அது. ஒரு விமானத்துக்கு ஒரு கீற்று. விமானத்தின் பெயர், வகை, செல்லும் உயரம், வழி, நேரம் ஆகியன அதில் அச்சிடப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டாளர் விமானிக்குக் கட்டளையிடுந்தோறும் அக்கீற்றிற் பேனாவாற் குறிப்பர். கீற்றுகள் சிறு சட்டங்களிற் பொருத்தப்பட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இரு விமானங்கள் ஒன்றையொன்று அணுகுதல் கூடும் என ஐயுறின், அவற்றின் கீற்றுகளை வரிசையினின்றும் சற்றே புறத்தே இழுத்து வைப்பர். பக்கத்தே நிற்கும் துணைவர் ஒருசொல்லும் கேளாமலே அதனைக் கண்டு ஆபத்தை உணர்ந்துகொள்வர்.

கணனியறிஞர் கண்ணுக்கு இக்கீற்று பழங்காலத்து எச்சமாகத் தோன்றியது இயல்பே. ஆயினும், 1990 அளவில் இங்கிலாந்தின் வெஸ்ட் டிரேட்டன் நிலையத்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளரும், பின்னர்ப் பாரிஸ் நகருக்கு அணித்தாயுள்ள அத்தி-மோன் நிலையத்தில் வெண்டி மக்கேயும் கட்டுப்பாட்டாளரின் அருகிருந்து செய்த ஆய்வுகள் வேறோர் உண்மையை வெளிப்படுத்தின. கீற்று வெறும் பதிவேடு அன்று. அது பலர் கூடிச் சிந்திக்கும் களம். கையால் எழுதுதலும் நகர்த்துதலும் நினைவை உறுதிசெய்கின்றன. இவ்வறிவு எந்த விதிநூலிலும் எழுதப்பட்டதன்று. தொழில் செய்வார் கையில் உறைவது. அதனைக் கேட்டறியாது அமைக்கப்படும் கருவி, கண்ணுக்கு அழகியதாயினும் கைக்கு உதவாது. பின்வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

1981ஆம் ஆண்டின் பிளவு

1956ஆம் ஆண்டு யூன் 30ஆந் தேதி கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அவ்விடத்தில் அவற்றைக் கண்காணிக்கும் றேடார் இருக்கவில்லை. நாட்டை உலுக்கிய அவ்விபத்தின் பின்னர், 1958இல் இயற்றப்பட்ட சட்டத்தினால், இன்று கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிருவாகம் எனப்படும் நிறுவனம் தோன்றியது. றேடாரும் கணனியும் விரைந்து பெருகின. போக்குவரத்தோ அவற்றினும் விரைந்து பெருகிற்று. 1968இல் கட்டுப்பாட்டாளர் பாற்கோ என்னும் சங்கத்தை அமைத்தனர். பழுதுற்ற கருவிகள், ஓய்வற்ற வேலை, மன உளைச்சல் என்பன அவர்தம் முறைப்பாடுகளுள் முதன்மையானவை.

1981 ஓகஸ்ட் 3ஆந் தேதி ஏறத்தாழ 13,000 கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் வாரத்துக்கு 32 மணிநேர வேலையும் அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கின. அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தல் சட்டவிரோதமாதலின், சனாதிபதி ரொனால்ட் றேகன் 48 மணிநேரத் தவணை அளித்தார். திரும்பாத 11,345 பேர் ஓகஸ்ட் 5ஆந் தேதி பணிநீக்கஞ் செய்யப்பட்டனர். ஒக்டோபரிற் சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. மேற்பார்வையாளரையும் இராணுவத்தினரையும் எஞ்சியோரையும் கொண்டு வான்போக்குவரத்து நடத்தப்பட்டது.

சட்டத்தின்படி எவர் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, இந்நிகழ்ச்சியின் மற்றொரு விளைவு இங்கே கருதற்பாலது. பல்லாயிரம் ஆண்டுகாலத் தொழிலனுபவம் ஒருசேர நிலையங்களை விட்டு வெளியேறியது. அதே வேளையில்தான் நிருவாகம் தன் முறைமை முழுவதையும் புதுப்பிக்கும் பெருந்திட்டத்தை வகுத்தது. குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைந்த வேலை செய்தற்குத் தன்னியக்கக் கணனிகள் வழிசெய்யும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. எனவே, புதுமை என்பதே ஆட்குறைப்பின் மறுபெயரோ என்னும் ஐயம் தொழிலாளர் உள்ளத்தில் வேரூன்றியது. 1987இல் தேசிய வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் என்னும் புதிய சங்கம் அங்கீகாரம் பெற்றது. வேலைநிறுத்தம் என்னும் ஆயுதம் அதற்கு இல்லை. ஆகவே, தன் உறுப்பினரின் தொழிலறிவையே தன் வலிமையாகக் கொள்ளுதல் அதற்கு இன்றியமையாததாயிற்று.

எல்லையற்ற கேள்வியால் வந்த தோல்வி

புதுப்பித்தற் பெருந்திட்டத்தின் நடுநாயகமாக அமைந்தது ‘முன்னேறிய தன்னியக்க முறை’ என்பது. 1988இல் ஐ.பி.எம். கொம்பனி அதற்கான ஒப்பந்தத்தைப் பெற்றது. தாட்கீற்றை ஒழித்து, அதன் இடத்தில் மின்னணுக் கீற்றைத் திரையிற் காட்டுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு மூன்று செக்கனுக்கு மேல் அது செயலிழத்தல் ஆகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

இத்திட்டத்திற் கட்டுப்பாட்டாளர் புறக்கணிக்கப்பட்டனர் என்று கூறல் பொருந்தாது, அவர்கள் கேட்கப்பட்டனர். ஆயின், கேட்கப்பட்ட முறை வரம்பற்றதாயிருந்தது. மின்னணுக் கீற்று எவ்வாறு தோன்ற வேண்டும், எதனைக் காட்ட வேண்டும் என்பதில் நெடுங்காலம் உடன்பாடு காணப்படவில்லை. தேவைகள் மாறுந்தோறும் எழுதி முடித்த கணனி நிரல்கள் மீண்டும் எழுதப்பட்டன. நிருவாகம் எதனையும் உறுதியாக முடிவுசெய்யவில்லை. கொம்பனியும் வேலையின் அருமையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. 1983இல் ஏறத்தாழ 250 கோடி டொலர் என மதிக்கப்பட்ட செலவு, 1994 அளவில் 700 கோடியைத் தாண்டும் எனத் தெரியவந்தது. அவ்வாண்டில் நிருவாகத்தின் தலைவர் டேவிட் ஹின்சன் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டார். நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட பொதுப்பணம் பயனின்றிக் கழிந்தது.

இத்தோல்வியிலிருந்து கற்க வேண்டிய பாடம், கருத்துக் கேட்டலுக்கும் ஒரு முறை உண்டு என்பதாகும். யாரைக் கேட்பது, எப்போது கேட்பது, எப்போது கேட்டலை நிறுத்தி முடிவுசெய்வது என்பன முன்னரே வரையறுக்கப்படுதல் வேண்டும். ஆனால், நிருவாகம் கற்ற பாடம் வேறாயிருந்தது.

கேளாமையால் வந்த தோல்வி

வேறிடத்திற் பயன்படும் முறைமையை ஆயத்தமான பொருளாக வாங்கிவிட்டால், ஒவ்வொருவரையும் கேட்க வேண்டிய தொல்லை இராது என்று நிருவாகம் கருதியது. 1996இல், விமான நிலையங்களை அண்டிய வான்பரப்பைக் கட்டுப்படுத்துவதற்கான ‘ஸ்டார்ஸ்’ என்னும் முறைமைக்கு ரேதியன் கொம்பனியோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. மதிப்பிடப்பட்ட செலவு 94 கோடி டொலர். முன்னரே செய்யப்பட்ட பொருளாதலின், பயன்படுத்துவோரைக் கொண்டு நுணுகி ஆராயும் படிநிலை பெரிதும் சுருக்கப்பட்டது.

1997இல் கட்டுப்பாட்டாளர் அதனைக் கண்டபோது குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பழைய கருவியில் ஒளியையும் எழுத்தின் அளவையும் கூட்டவும் குறைக்கவும் திருகு குமிழ்கள் இருந்தன. கண்ணைத் திரையினின்றும் எடாமலே அவற்றைக் கையால் திருகலாம். புதிய கருவியிலோ அதே செயலுக்குத் திரையிற் பட்டியல்களைத் திறத்தல் வேண்டியிருந்தது. அவ்வாறு திறக்கும் சட்டங்கள் விமானங்களின் குறிகளை மறைத்தன. அலுவலக மேசையிற் சிறு தொல்லையாய் முடியும் இது, வானூர்தி இறங்கும் வழியில் உயிர்க்கு இடராய் முடியும். கருவிகளைப் பராமரிக்கும் தொழினுட்பவியலாளர் சங்கமும் தன் குறைகளை எடுத்துரைத்தது.

சங்கங்கள் காங்கிரசின் முன்னிலையில் இவற்றை விளக்கின. ஈற்றில், நிருவாகமும் சங்கங்களும் கூடியமர்ந்து திருத்தங்களை ஆராயும் நிலை ஏற்பட்டது. முதலில் எல் பாசோவிலும் சைரகியூசிலும் இடைக்கால வடிவமும், 2002இற் பிலடெல்பியாவில் முழுவடிவமும் பயன்பாட்டுக்கு வந்தன. 1999 அளவிலேயே மதிப்பீடு 140 கோடி டொலராக உயர்ந்திருந்தது. தொடக்கத்தில் மிச்சப்படுத்திய காலம் இடையில் இருமடங்காகச் செலவாயிற்று. முன்னைய தோல்வி முடிவில்லாத கேள்வியால் வந்தது. இத்தோல்வி கேளாமையால் வந்தது.

மீண்டும் பிரிவும் மீண்டும் கூட்டும்

மூன்றாவது சோதனை நெடுவழிக் கட்டுப்பாட்டு நிலையங்களின் மூளையாகிய பழைய கணனியை மாற்றுவதாகும். ‘ஈராம்’ எனப்படும் புதிய முறைமை, லொக்ஹீட் மார்ட்டின் கொம்பனியாரால், 200 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில், 20 நிலையங்களுக்கென அமைக்கப்பட்டது. பழைய முறைமை ஒரு நிலையத்தில் 1,100 விமானங்களைத் தொடரவல்லது. புதியதோ 1,900 விமானங்களைத் தொடரவல்லது.

இத்திட்டம் உருவாகிய காலத்தில் நிருவாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையே உறவு கெட்டது. திட்டங்களோடு இணைந்து பணியாற்றும்பொருட்டு நியமிக்கப்பட்டிருந்த கட்டுப்பாட்டாளரை 2005இல் நிருவாகம் திருப்பியழைத்தது. செலவுச் சுருக்கம் ஒரு காரணம். 2006 செப்டெம்பரில், பேச்சுவார்த்தை முறிந்தபின், புதிய ஊதிய, வேலை விதிகள் உடன்பாடின்றியே விதிக்கப்பட்டன. அனுபவம் மிக்க பலர் ஓய்வு பெற்றனர்.

புதிய முறைமை முதலிற் சோல்ற் லேக் சிற்றியிலும் சியற்றிலிலும் இயக்கப்பட்டது. அப்போது ஒரு விமானத்தின் விவரம் மற்றொரு விமானத்தின் குறியோடு சேர்ந்து தோன்றியமை போன்ற பிழைகள் நேர்ந்தன. ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு ஒப்படைத்தலும் தடைப்பட்டது. நிலையங்கள் பழைய முறைமைக்கே மீள வேண்டியதாயிற்று. 2010இல் முடியவேண்டிய வேலை ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியது. செலவு 33 கோடி டொலர் மிகுந்தது. பயன்படுத்துவோரைத் தொடக்கத்திற் போதியவாறு சேர்க்காமை இதற்குரிய காரணங்களுள் ஒன்றெனக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் எடுத்துக்காட்டியது.

2009இற் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானதும் நிலை மாறியது. சங்கத்தின் பிரதிநிதிகள் திட்டக்குழுக்களிற் சேர்ந்தனர். பிழைகள் நிலையந்தோறும் வரிசைப்படுத்தப்பட்டு, எது முந்தித் தீர்க்கப்பட வேண்டியது, எது பொறுக்கத்தக்கது என இருசாராரும் கூடித் தீர்மானித்தனர். 2015 மார்ச்சில் 20 நிலையங்களும் புதிய முறைமையை ஏற்றன. அடுத்து, கட்டளைகளைக் குரலாலன்றி எழுத்தால் விமானிக்கு அனுப்பும் முறைமை 55 விமான நிலையக் கோபுரங்களில் அமைக்கப்பட்டபோது, அவ்வேலை 2016இல், குறித்த காலத்துக்கு ஈராண்டு முந்தியே முடிந்தது. அத்திட்டத்திற் கட்டுப்பாட்டாளர் முதலிலிருந்தே பங்கு கொண்டிருந்தனர். காலந்தாழ்த்தலே சங்கத்தின் இயல்பு என்னும் குற்றச்சாட்டுக்கு இது தக்க மறுமொழியாகும்.

கனடாவின் வழி

அயல்நாடாகிய கனடா வேறொரு வழியை மேற்கொண்டது. 1996 நவம்பர் 1ஆந் தேதி அந்நாட்டு வான்போக்குவரத்துச் சேவை நாவ் கனடா என்னும் இலாபநோக்கற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் இயக்குநர் சபையில் விமானக் கொம்பனிகளும் அரசாங்கமும் நியமிப்போரோடு, தொழிற்சங்கங்கள் நியமிக்கும் இருவரும் இடம்பெறுகின்றனர். அங்கே மின்னணுக் கீற்றுமுறையைப் பொறியியலாளரும் கட்டுப்பாட்டாளரும் தம் நிலையங்களிலேயே கூடியிருந்து படிப்படியாக வளர்த்தெடுத்தனர். அமெரிக்காவிற் பெரும்பொருள் செலவிட்டும் கைகூடாத மின்னணுக் கீற்று அங்கே கைகூடியது; பிற நாடுகளுக்கு விற்கவும் பட்டது. பெரியதொன்றை ஒரே முறையிற் செய்ய முயலாது, சிறியதைச் செய்து, பயன்படுத்திப் பார்த்து, திருத்திச் செல்லும் நெறி அது.

மறுப்பும் வரம்பும்

சங்கத்தின் பங்களிப்பை ஐயுறுவோர் கூறும் மறுப்புகளும் புறந்தள்ளத்தக்கன அல்ல. சங்கம் தன் உறுப்பினரின் வேலையைக் காப்பதற்கென அமைந்தது. நிலையங்களை ஒன்றிணைத்தல், ஆட்தொகையைக் குறைத்தல் போன்றவற்றில் உறுப்பினர் நலனும் பொதுநலனும் எப்போதும் ஒத்துச்செல்லும் எனக் கொள்ளலாகாது. பழகிய கருவியின்மேல் உள்ள பற்றும் சிலவேளை பாதுகாப்பின் பெயரால் வெளிப்படலாம். ஆதலின், இக்குறை உயிர்க்கு இடர் விளைப்பது, இக்குறை பழக்கத்தால் வந்தது என்று பகுத்தறியும் பொறுப்பு நிருவாகத்துக்கு உண்டு. ஆனால், அவ்வாறு பகுத்தறிதற்கும் குறை கூறுவோரை முதலிற் கேட்டல் வேண்டும்.

கட்டுப்பாட்டாளரைக் கேட்டல் ஒன்றே போதும் என்பதுமன்று. 2014 செப்டெம்பரில் பீனிக்ஸ் நகரிற் செய்மதி வழிகாட்டலைக் கொண்ட புதிய வான்வழிகள் வகுக்கப்பட்டன. விமானங்கள் ஒடுங்கிய தடத்திற் சென்றமையால், முன்னர் அமைதியாயிருந்த வீதிகளின்மேல் ஓயாத இரைச்சல் எழுந்தது. அங்கு வாழ்வோரும் நகரசபையும் வழக்குத் தொடுத்தனர். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிருவாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வானில் வரையும் கோடு நிலத்தில் வாழ்வாரையும் தொடுகின்றது. வினை செய்வாரைப் போலவே வினையின் விளைவை நுகர்வாரும் கேட்கப்படுதற்கு உரியவர்.

உயிரின் விலை

இதுவரை கூறப்பட்ட தோல்விகள் பணத்தாலும் காலத்தாலும் அளக்கப்பட்டன. எல்லாத் தோல்விகளும் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. 2025 ஜனவரி 29ஆந் தேதி இரவு, வாஷிங்டன் நகரின் றேகன் விமான நிலையத்தை அணுகிய பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிக்கொப்டர் ஒன்றும் பொற்றோமக் நதியின்மேல் மோதி 67 பேர் மாண்டனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் ஆய்வு ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டது. 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரை அவ்விடத்தில் விமானமும் ஹெலிக்கொப்டரும் ஒரு கடல்மைலுக்கும் குறைந்த தூரத்தில், 400 அடிக்கும் குறைந்த உயர வேறுபாட்டோடு நெருங்கிய சந்தர்ப்பங்கள் 15,214. ஹெலிக்கொப்டர் வழிகளைப் பற்றிக் கோபுரத்திற் பணிபுரிவோர் முன்னரே எழுப்பிய கவலைகள் மேலிடத்தில் ஏற்கப்படாமற் போனமையும் விசாரணையில் வெளிவந்தது. சொல்லியவர் இருந்தனர், அச்சொல் சென்று சேர்தற்கு உரிய வழி இருக்கவில்லை.

அவ்வாண்டு யூலை மாதம் வான்போக்குவரத்து முறைமையைப் புதிதாக அமைப்பதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் 1,250 கோடி டொலர் ஒதுக்கியது. செப்புக் கம்பிகள் கண்ணாடி இழைகளாகவும், பழைய றேடார்கள் புதியனவாகவும் மாற்றப்படுதற்கு அப்பணம் உரியது. பணம் முன்னரும் இருந்தது; பொறியியல் வல்லாரும் இருந்தனர். இல்லாதது, கேட்டலை ஒழுங்குபடுத்தும் நெறியே.

வினையறிந்தாரோடு கூடி ஆராய்ந்தபின் வினை தொடங்குதல் வேண்டும் என்பதற்கென்றே வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை வகுத்தார். அரசர்க்கெனக் கூறப்பட்ட அந்நெறி பொறிகளின் காலத்துக்கும் பொருந்துவதே. தொடக்கத்திலேயே கேட்டல், கேட்டதை வரிசைப்படுத்தல், ஓரெல்லையில் முடிவுசெய்தல், முடிவுக்குக் காரணங்கூறல் என்னும் நான்கும் அமையுமாயின், சங்கம் சீர்திருத்தத்துக்குத் தடையாகாது, அதற்குக் கண்ணாகும். இவற்றுள் ஒன்று குறையினும் என்ன நேரும் என்பதை அமெரிக்க வான்பரப்பின் நாற்பதாண்டு வரலாறு காட்டி நிற்கின்றது.